குறை கண்ணிலா, கருவியிலா?

பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய கருவி பழுதாகிவிட்டது என்றால் துறை முழுவதும் துக்க வீடு மாதிரி ஆகிவிடும். ஆராய்ச்சி மாணவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பேராசிரியர்கள் போனும் கையுமாக அலைவார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில், அந்தக் கருவியை இயக்குகிற பெண்மணியே வாயெல்லாம் பல்லாக நடைபாதையில் போனாள். எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "மெஷின் ரிப்பேர்! நிஜமாவே ரிப்பேர்!" என்று பெண்ணுக்கு வேலை கிடைத்த செய்தி மாதிரி சொன்னாள். பாவம், வேலை அதிகமாகி ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதமாக ஆகியிருந்தது, அன்றைக்குத்தான் தெளிந்தது.

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஃபோகஸ் அக்கா. அவள் இருப்பது தரைக்கும் கீழே, படியிறங்கிப் போகிற ஓர் அறையில். மேலே வைத்தால் ஆட்கள் நடக்கிற அதிர்வு கூடப் படத்தில் தெரியும் என்பதால் கருவியைக் கீழே இறக்கிவிட்டார்கள், கருவியோடு அக்காவையும். ஆள் உயரத்துக்கு நிற்கிற உலோகத் தூண், அதன் அடியில் ஒரு சிறு பெட்டி, பக்கத்து மேஜையில் திரை. அதுதான் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப். உலோகத் துண்டு, பீங்கான் சில்லு, ஏதேதோ பொடி என்று மாணவர்கள் கொண்டு வருவதையெல்லாம் சட்டைப் பொத்தான் அளவு அலுமினியத் தட்டின் மேல் கறுப்புப் பசை நாடாவால் ஒட்டி, பெட்டிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மேலிருந்து எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் திரையில் படம் வரும். வெறும் கண்ணுக்குச் சாம்பல் தூசியாகத் தெரிவது அங்கே மலையும் பள்ளத்தாக்குமாக விரியும்.

படம் தானாக வரும். ஆனால் தெளிவாக வருவதற்குக் கை வேண்டும். ஒரு குமிழைத் திருப்பினால் ஃபோகஸ். இன்னும் இரண்டு குமிழ்கள், கற்றை கோணலாக விழுந்தால் நிமிர்த்துவதற்கு. கோணல் இருந்தால் உருண்டையாக இருக்கிற துகள் நீளமாக இழுத்துக்கொண்டு தெரியும். இரண்டு கையாலும் மூன்று குமிழ்களைத் திருப்பி அந்தக் கோணலைச் சரிசெய்வது அக்காவுக்குக் கைவந்த கலை. மாணவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் படத்தைக் கூர்மையாக நிறுத்தியிருப்பாள். "எப்படிக்கா?" என்று கேட்டால், "கண்ணு சொல்லும், கை கேக்கும், நடுவுல நான் பேசாம இருப்பேன்" என்பாள். பேசாமல் இருக்கிற வழக்கம் அவளுக்கு வேறெங்கும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இயற்பியல் படித்துவிட்டுத் தற்காலிக வேலை என்று இந்த அறைக்குள் நுழைந்தவள். அப்போது தலைமுடி முழுக்கக் கறுப்பு. அந்தத் தற்காலிகம் எப்போது நிரந்தரமானது என்று அவளுக்கே சரியாக ஞாபகமில்லை. இடையில் கல்யாணம், ஒரு மகள், அந்த மகளும் படிப்புக்காக வேறு ஊருக்குப் போயாகிவிட்டது. கருவியும் ஒருமுறை மாறிவிட்டது. மாறாதவை அக்காவும், கதவோரம் ஆணியில் தொங்கிய காந்தமும்தான்.

அந்தக் காந்தத்தைப் பற்றிச் சொன்னால்தான் கதை நகரும். பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய கறுப்பு வட்டக் காந்தம், நடுவில் ஓட்டை, ஓட்டையில் ஒரு சிவப்பு நூல். எந்தப் பொடி வந்தாலும் முதலில் அந்தக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பொடி துள்ளி ஒட்டிக்கொண்டால் அதற்கு உள்ளே அனுமதி இல்லை. காரணம் எளிமையானது. எலக்ட்ரான் கற்றையைக் குவிக்கிற லென்ஸ் கண்ணாடியால் ஆனது இல்லை, அதுவே ஒரு பெரிய மின்காந்தம். காந்தத்துக்கு இழுபடுகிற பொடி உள்ளே போனால் நாடாவிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பி நேராக லென்ஸில் போய் ஒட்டிக்கொள்ளும். பேராசிரியரே வந்து நின்றாலும் அக்கா விடமாட்டாள். "சார், காந்தத்துக்குக் காட்டியாச்சா?" என்பாள். காட்டாமல் எந்தப் பொடியும் உள்ளே போனதில்லை.

ஒருநாள் காலை அப்படி ஒரு பொடியைக் காட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"ஒண்ணும் பதறாத. லேசா உயிர் போகுது, அவ்வளவுதான்."

அக்கா பதறினாள். கையில் இருந்தது, மேஜையில் இருந்தது எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு படியேறி ஓடினாள். பித்தப்பையில் கல் என்றார்கள். அறுவை சிகிச்சை, மருத்துவமனை, வீட்டில் ஓய்வு என்று ஒரு வாரத்துக்கு மேல் போய்விட்டது. அந்த நாட்களில் பக்கத்து அறையில் எக்ஸ்ரே கருவியைப் பார்த்துக்கொள்கிறவர்தான் அக்காவின் கருவியையும் பார்த்துக்கொண்டார். நல்ல மனுஷர், ஆனால் யாராவது அவசரம் என்றால் உடனே இளகிவிடுவார். அக்கா அவரைத் தம்பி என்பாள்.

வீட்டுக்காரர் பிழைத்து எழுந்தார். எழுந்த கையோடு ஒரு சிறு கண்ணாடிக் குப்பியையும் கொண்டுவந்தார். உள்ளே கொண்டைக்கடலை அளவு மஞ்சள் கல் ஒன்று. மருத்துவமனையில் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"என் சொந்தத் தயாரிப்பு. உன் மெஷின்ல வச்சுக் காட்டு."

"அது ஆராய்ச்சி மெஷின். கண்டதெல்லாம் வைக்க முடியாது."

"ஊர்ல இருக்கிற கல்லையெல்லாம் பாக்குற. வீட்டுக் கல்லுன்னா மட்டும் இளக்காரமா?"

சரி, பார்க்கலாம் என்று சொல்லிவைத்தாள். அடுத்த நாள் வேலைக்கும் போனாள். கதவோரம் ஆணி வெறுமையாக இருந்தது. காந்தத்தைக் காணோம். "எவனோ சுட்டுட்டான்! நான் ஒரு வாரம் இல்லன்னா அறையையே வித்துடுவாங்க போல" என்று நடைபாதைக்கே கேட்கும்படி திட்டிவிட்டு, மேஜை டிராயரில் கிடந்த சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து மாட்டினாள். பிறகு முதல் மாதிரியை உள்ளே வைத்தாள்.

சின்ன உருப்பெருக்கத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பெரிதாக்கப் பெரிதாக்கப் படம் குழைந்தது. உருண்டைத் துகள்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டன. குமிழைத் திருப்பினாள். இப்போது மறுபக்கமாக இழுத்துக்கொண்டன. நடுவில் எங்கேயோ இருக்க வேண்டிய கூர்மை நடுவிலும் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணைக் கசக்கினாள். இத்தனை வருடத்தில் கை இப்படித் தடுமாறியதே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவார்கள். அக்கா ஏன் கண்ணைச் சந்தேகப்பட்டாள் என்பதற்கு அவளுடைய அப்பாவிடம் போக வேண்டும். அவர் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் தையல்காரர். அவள் பள்ளியில் படிக்கும்போது ஒரு காலம், அப்பா வீட்டில் பல்பு மாற்றிக்கொண்டே இருந்தார். வெளிச்சம் போதவில்லை என்பார். பெரிய பல்பு வாங்குவார். சில மாதத்தில் அதுவும் மங்கல் என்பார். "பல்புக் கம்பெனிக்காரன் ஏமாத்துறான்" என்பார், "கரண்ட் சரியா வரல" என்பார். ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொள்வது அவள் வேலை. வீடு பட்டப்பகல் மாதிரி எரிந்துகொண்டிருந்தது, அப்பா மட்டும் இருட்டு இருட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்டரிடம் போனபோது, கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை போனதுதான் என்றார்கள். முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை.

அதனால் பல்பைக் குறை சொல்லக் கூடாது என்பது அவளுக்குள் ஊறிப்போயிருந்தது. படம் மங்கினால் குறை பார்க்கிறவர் கண்ணில்தான். இப்போது அவளுக்கு ஏறக்குறைய அப்பாவின் அந்த வயது. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

முடிவு கட்டியவள் நேராக டாக்டரிடம் போயிருக்க வேண்டாமா? போகவில்லை. அங்கேதான் அக்கா அப்பாவின் மகள். நாளெல்லாம் எதையாவது பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறவளுக்குச் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைப் பார்க்கத் தைரியமில்லை. அதற்குப் பதிலாகத் தானே பரீட்சை வைத்துக்கொண்டாள். தூரத்தில் வருகிற பேருந்தின் எண்ணைப் படித்தாள், படிக்க முடிந்தது. ஊசியில் நூல் கோத்தாள், முதல் தடவையிலேயே கோத்துவிட்டாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சமையலறையில் நின்று, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த மருத்துவமனைத் தாளின் பொடி எழுத்துக்களை வரிவரியாகப் படித்தாள். அதுவும் தெரிந்தது. எல்லாப் பரீட்சையிலும் தேறினாள், ஆனாலும் தனக்குத் தானே பாஸ் போட மனம் வரவில்லை. ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும், அப்பாவும் ஊசி கோத்துக்கொண்டுதானே இருந்தார் என்று சமாதானத்துக்குப் பதில் பயத்தைத் தேடிக்கொண்டாள்.

"என்ன, ஒரு கண்ண மூடிக்கிட்டு என் டிஸ்சார்ஜ் தாளைப் பாக்குற?" என்றார் வீட்டுக்காரர்.

"மாத்திரை நேரம் பாத்தேன்."

"மாத்திரை நேத்தோட முடிஞ்சுபோச்சே?"

"முடிஞ்சுதான்னு பாத்தேன்."

வேலையிடத்தில் பூசி மெழுகுவது இன்னும் சிரமமாக இருந்தது. பெரிய உருப்பெருக்கத்தில் படம் கேட்டு வருகிறவர்களிடம், மேலே கட்டிட வேலை நடக்கிறது, அதிர்வு என்றாள். உன் மாதிரி சரியாகக் காயவில்லை என்றாள். இன்றைக்குப் பெட்டியிலிருந்து காற்று முழுக்க வெளியேறவில்லை என்றாள். ஃபோகஸ் அக்கா சொன்னால் மறுபேச்சு ஏது, தலையாட்டிவிட்டுச் சின்னப் படங்களோடு போனார்கள். அவர்கள் நம்ப நம்ப அவளுக்குக் குற்ற உணர்ச்சி கூடியது. ஒரு சுலபமான வழி இருக்கத்தான் செய்தது. தெரிந்த ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, நீ திருப்பிப் பார் என்று சொன்னால் போதும். அவருக்கும் வரவில்லை என்றால் குறை கருவியில். ஆனால் வந்துவிட்டால்? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஒரு மாதமாக அந்த நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் இருந்தாள். வேலை போய்விடும் என்பது கூட இல்லை, வேறு ஏதாவது வேலை தருவார்கள். பார்ப்பதுதான் அவள். அது போய்விட்டால் மிச்சம் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரக்குடுக்கை வந்து சேர்ந்தாள். கடைசி வருட ஆராய்ச்சி மாணவி ஒருத்திக்கு அக்கா வைத்திருந்த செல்லப் பெயர் அது. எதற்கும் நாளைக்கு என்றால் அவளுக்குப் பிடிக்காது. வெப்பம் தாங்குகிற பீங்கான் பூச்சு அவளுடைய ஆராய்ச்சி. பூச்சிலிருக்கிற நுண்ணிய மணிகளுக்கு இடையில் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது, அதனால்தான் விரிசல் விடுவதில்லை என்று எழுதி அனுப்பியிருந்தாள். அந்தப் படலத்தைக் காட்டு, அப்புறம் அச்சிடுகிறோம் என்று பத்திரிகையிலிருந்து பதில் வந்திருந்தது. கட்டுரை வராவிட்டால் இந்த வருடம் பட்டம் இல்லை.

"அக்கா, ஒரே ஒரு படம். நல்லாப் பெருசாக்கி."

"மேல கட்டிட வேலை நடக்குதும்மா. அதிர்வு."

"கட்டிட வேலை முடிஞ்சு எல்லாரும் போயாச்சுக்கா. பாத்துட்டுத்தான் வரேன்."

அக்காவுக்கு வேறு பொய் கைவசம் இல்லை. மாதிரியை வைத்தாள், பெரிதாக்கினாள், திருப்பினாள். படலம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் குழைச்சல். அவசரக்குடுக்கை திரையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா ஒரே குமிழை முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டே இருந்ததையும் பார்த்துவிட்டாள்.

"அக்கா, நீங்க காலையிலேர்ந்து சாப்பிடலதானே? போய்ச் சாப்ட்டு வாங்க. நான் கொஞ்ச நேரம் திருப்பிப் பாக்குறேன். நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. என் கண்ணுக்காக இவள் பட்டம் தள்ளிப்போக வேண்டுமா என்று தோன்றியது. எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். சாப்பிடப் போகவில்லை. சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் பெண் "ஆ, வந்துருச்சு!" என்று கத்தப்போகிற நொடிக்காகக் காத்திருந்தாள்.

குமிழ் திரும்புகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. நாற்காலி முன்னால் நகர்ந்தது. பெருமூச்சு ஒன்று. மறுபடியும் குமிழ்.

"அக்கா..." என்றாள் அவசரக்குடுக்கை. "எனக்கு வரவே மாட்டேங்குதுக்கா."

அக்கா கண்ணைத் திறந்தாள். "என்ன வர மாட்டேங்குது?"

"ஃபோகஸ்தான். எல்லாம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது. இந்தப் பக்கம் திருப்பினா அந்தப் பக்கம் இழுக்குது. நடுவுல நிக்கவே இல்ல."

"இன்னொரு தடவ சொல்லு."

"ஒரு பக்கமா இழுக்குதுக்கா!"

"உனக்கும் இழுக்குதா? உன் கண்ணுக்கும்?"

"ஆமாக்கா! எனக்கு ஒண்ணுமே தெரியல. இத்தன வருஷம் கத்துக்கிட்டதெல்லாம் வீண்." அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா சிரித்தாள். மெல்லத் தொடங்கிய சிரிப்பு, அடக்க முடியாமல் பொங்கியது. ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து அழுகிற பெண்ணைக் கட்டிக்கொண்டு, "என் கண்ணே, நீ நல்லா இருக்கணும்" என்று உச்சியில் முத்தம் கொடுத்தாள். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"நான் அழுறேன், நீங்க சிரிக்கிறீங்க. என் படம் போச்சுக்கா!"

"உன் படத்த நான் எடுத்துத் தரேன். எப்படியாவது எடுத்துத் தரேன். இப்ப ஓடிப் போய் எக்ஸ்ரே தம்பியக் கூட்டிட்டு வா."

அவர் வந்தார், உட்கார்ந்தார், திருப்பினார், அவருக்கும் வரவில்லை. மூன்று பேர் கண்ணும் ஒரே நாளில் கெட்டுப்போக முடியாது. அக்காவுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அந்த ஆனந்தத்தில்தான் அவள் நடைபாதையில் போய் எல்லாரிடமும் மெஷின் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது.

நிறுவனத்திலிருந்து என்ஜினீயர் வந்து பெட்டியைத் திறந்தார். சின்ன டார்ச்சை அடித்து, கண்ணாடித் துண்டு ஒன்றில் பிம்பம் காட்டினார். லென்ஸின் கூம்பு முனையில், ஓட்டையைச் சுற்றி, மீசை முளைத்த மாதிரி கறுப்பாகப் பொடி அப்பியிருந்தது.

"காந்தப் பொடிங்க. இது கற்றைய ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும். நீங்க எவ்வளவு திருப்பினாலும் நிமிராது" என்றார். பக்குவமாகத் துடைத்தெடுக்க ஆரம்பித்தார்.

எல்லாருடைய பார்வையும் எக்ஸ்ரே தம்பி மேல் போனது. அவர் முகம் வெளிறிவிட்டது.

"நீங்க லீவுல இருந்தப்ப ஒரு பொடி வந்துச்சுக்கா. இரும்பு கலக்கலன்னு சொன்னாங்க, ரொம்ப அவசரம்னாங்க. காந்தத்துக்குக் காட்டலாம்னு போனேன், ஆணியில காந்தம் இல்ல. எல்லா இடத்துலயும் தேடினேன்கா, சத்தியமா. அப்புறம் அவங்க பேச்ச நம்பி விட்டுட்டேன்."

"உன்னச் சொல்லி என்ன பண்றது தம்பி" என்றாள் அக்கா, பெருந்தன்மையாக. "அந்தக் காந்தத்த எடுத்தவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும். அவனுக்கு இருக்கு."

குறை கருவியில்தான் என்று ஊர்ஜிதமான பிறகுதான் அக்காவுக்குக் கண் டாக்டரிடம் போகத் தைரியம் வந்தது. தேவையில்லாதபோது போகிற தைரியம்தான், ஆனாலும் போனாள். அப்பாவின் கதையை முழுக்கச் சொன்னாள். டாக்டர் கண்ணுக்குள் அழுத்தம் பார்த்தார், நரம்பைப் பார்த்தார், எழுத்துப் பலகையைக் காட்டினார். அக்கா கடைசி வரியையும் தாண்டி, அதற்குக் கீழே பொடியாக அச்சடித்திருந்த அச்சகத்தின் விலாசத்தையும் படித்தாள்.

"அத யாரும் படிக்கச் சொல்லலைங்க" என்றார் டாக்டர். "கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு. அப்பாவுக்கு இருந்ததால வருஷத்துக்கு ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போங்க. பயப்படாம வாங்க."

அப்பாடா என்று வீட்டுக்கு வந்தாள். படியேறும்போதே உடம்பு லேசாக இருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த தாளை வீட்டுக்காரர் கண்ணில் படும்படி ஒட்டிவைக்கலாம் என்று நேராக ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். டிஸ்சார்ஜ் தாளின் மேலிருந்த காந்தத்தைப் பிடித்து இழுத்தாள். எளிதில் வரவில்லை, அவ்வளவு பிடிப்பு. கையில் எடுத்துப் பார்த்தாள். கறுப்பு வட்டக் காந்தம், நடுவில் ஓட்டை. ஓட்டையில் சிவப்பு நூல்.

அப்படியே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது... இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதுவா? ஆஸ்பத்திரியில உன் பையில மாத்திரச் சீட்டத் தேடினேன், அடியில கெடந்துச்சு" என்றார் வீட்டுக்காரர். "நல்லாப் புடிக்குது. கடையில விக்கிறதெல்லாம் சுத்த மோசம்."

ஒரு மாதமாக இந்தத் தாளின் முன்னால் நின்று, ஒரு கண்ணை மூடியும் இன்னொரு கண்ணை மூடியும், பொடி எழுத்தெல்லாம் படித்திருக்கிறாள். எழுத்தின் மேல் உட்கார்ந்திருந்த காந்தத்தைப் பார்க்கவில்லை. போன் வந்த அந்தக் காலையில், கையில் இருந்ததை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு ஓடியது அவள்தான். அவனுக்கு இருக்கு என்று சொன்னது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரரை உட்காரவைத்து, ஒரு மாதமாக மறைத்ததையெல்லாம் ஒன்று விடாமல் கொட்டினாள். பல்பு மாற்றிய அப்பாவைப் பற்றியும் சொன்னாள்.

அவர் கேலி செய்யவில்லை. கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "என்கிட்ட சொல்லிருக்கலாமே" என்றார். "எனக்கு வயித்த வலின்னா நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டு உனக்குத்தானே போன் பண்ணேன்."

டாக்டர் எழுதிக்கொடுத்த தாளை அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் துறையில் எல்லாரும் பார்க்கக் காந்தத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். "கெடச்சிருச்சு! நான்தான் எடுத்துட்டுப் போயிருக்கேன். தப்பு முழுக்க என்னோடது!" என்றாள். தப்பை இவ்வளவு உற்சாகமாக ஒப்புக்கொள்கிறவரை யாரும் பார்த்ததில்லை. எக்ஸ்ரே தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரை ஆளாளுக்கு முறைத்துக்கொண்டிருந்ததற்கெல்லாம் சேர்த்து அக்கா மன்னிப்புக் கேட்டாள். காந்தம் ஆணிக்கு வந்து சேர்ந்தது, இந்த முறை நூலுக்குப் பதில் சங்கிலியில்.

சுத்தம் செய்த கருவியில் முதல் மாதிரி அவசரக்குடுக்கையினுடையது. அக்கா மூன்று குமிழ்களிலும் கை வைத்தாள், பேச்சை நிறுத்தினாள். பீங்கான் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன, நடுவில் மயிரிழையாக அந்தப் படலம், விளிம்பு இரண்டும் தெளிவாக. அவசரக்குடுக்கை கத்திய கத்தலில் கட்டிட வேலையை விட அதிர்வு அதிகமாகியிருக்கும். படத்தைச் சேமித்த பிறகுதான் கத்தினாள் என்பது நல்ல காலம்.

அடுத்த வாரம் அனுமதி கேட்டு, காலியாக இருந்த ஒரு மதிய வேளையில், வீட்டுக்காரரைக் கீழே கூட்டிவந்தாள். கல்லைச் சின்னக் குறட்டால் உடைத்து, ஒரு சில்லை அலுமினியத் தட்டில் ஒட்டினாள். வழக்கப்படி காந்தத்துக்குக் காட்டினாள், துள்ளவில்லை. மின்சாரம் கடத்தாத பொருள் என்பதால் அதன் மேல் மெல்லிசாகத் தங்கம் பூச வேண்டும் என்று விளக்கினாள்.

"என் கல்லுக்குத் தங்க முலாமா!" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீட்டுல எனக்கே இந்த மரியாதை கெடையாது."

பெட்டியிலிருந்து காற்று வெளியேறியது. அக்கா அறை விளக்கைக் குறைத்தாள். திரையில் சாம்பல் மேடு ஒன்று வந்தது. பெரிதாக்கினாள். மேடு பிளந்து, தகடு தகடாக, அடுக்கின் மேல் அடுக்காக, கண்ணாடித் தாள்களை யாரோ பொறுமையாக அடுக்கிவைத்த மாதிரி விரிந்தது. இன்னும் பெரிதாக்கினாள். போன மாதம் முழுவதும் குழைந்துபோன அந்த உருப்பெருக்கத்தையும் தாண்டிப் போனாள். கை தன் போக்கில் திரும்பியது. ஒவ்வொரு தகட்டின் விளிம்பும் தொட்டால் வெட்டிவிடும் போலக் கூர்மையாக நின்றது.

"இதுவா என் வயித்துக்குள்ள இருந்துச்சு?" என்றார் வீட்டுக்காரர், மெல்ல. "இவ்வளவு அழகாவா?"

"எல்லாம் உங்க கொழுப்புதான்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். அவளும் எடுக்கவில்லை. அறை முக்கால் இருட்டு. அப்பா இருந்திருந்தால் முதலில் இந்த விளக்கைத்தான் குறை சொல்லியிருப்பார். ஸ்டூலின் மேல் ஏறி நின்று, கையில் புதுப் பல்போடு, "இப்பத் தெரியுதா பாரும்மா" என்று கேட்கிற அந்தக் குரல் அவளுக்குக் கேட்டது. அன்றைக்கு அவள் ஒவ்வொரு முறையும், "நல்லாத் தெரியுதுப்பா" என்று உண்மையைத்தான் சொன்னாள். அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

குமிழிலிருந்து கையை எடுத்தாள். படம் அசையாமல் நின்றது.

"நல்லாத் தெரியுதுப்பா" என்றாள் திரையைப் பார்த்து. "இந்தத் தடவ குறை பல்புலதாம்ப்பா."